99 காட்டிய கருவி, கண் திறக்காத அம்மா: ஒரு நிகழ்வு ஆய்வு

"சிஸ்டர், ரெண்டு ராத்திரியாக அம்மா கண்ணை மூடவே இல்லை. ஆம்புலன்ஸில் ஏறிய பிறகுதான் அசந்து தூங்குகிறார்கள். எழுப்பாதீர்கள்" என்றார் மகள்.

ஸ்ட்ரெச்சரில் இருந்த அம்மாவுக்கு 64 வயது. முகத்தில் பை வைத்த மாஸ்க். பை நன்றாக உப்பியிருந்தது. ஃப்ளோமீட்டரின் குண்டு 15 லிட்டர் கோட்டில் நின்றது. விரலில் மாட்டியிருந்த ஆக்ஸிமீட்டர் 99 காட்டியது. ஆம்புலன்ஸில் கூட வந்த தம்பி அந்த எண்ணை எனக்குத் திருப்பிக் காட்டினார். "ஏற்றும்போது 84 அக்கா. செக்கானூரணி தாண்டும்போதே 98 வந்துவிட்டது." அவர் முகத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றிய நிறைவு இருந்தது. பாதி வழியில் அவர் செய்ததும் அதுதான். மீதிப் பாதியில் நடந்ததைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

மதுரையில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் 19 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். உடன் வேலை செய்கிறவர்களுக்காகவும், ஆம்புலன்ஸில் ஓடுகிறவர்களுக்காகவும், வீட்டில் மூச்சிரைப்புக்காரரை வைத்துப் பார்க்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். குடும்பத்தாரின் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முன்கதை

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டதில்லை. ஆனால் இருபத்தைந்து வருடம் வீட்டு வாசலில் இட்லிக்கடை நடத்தியவர். அதிகாலை நான்கு மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவார். சீமைக் கருவேல விறகு, சீசனில் பருத்திமார், மழை நாளில் ஈர விறகு. தாழ்வான சாய்ப்புக்குள் அந்தப் புகையைக் குனிந்து ஊதி ஊதியே பிழைப்பு ஓடியிருக்கிறது. எரிவாயு அடுப்பு வந்த பிறகும் கடைக்கு விறகுதான், கட்டுபடியாகாது என்று.

பத்து வருடமாக மார்கழி வந்தால் இருமல், சளி, படியேறினால் இளைப்பு. "ஆஸ்துமா" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. இந்த நோய் புகை பிடிக்கும் ஆண்களுக்குத்தான் வரும் என்ற நினைப்பு நம் வார்டுகளிலேயே இன்னும் இருக்கிறது. விறகுப் புகையில் வெந்த பெண்களின் நுரையீரலை நாம் கேட்டு அறிவதில்லை. வாசலில் வந்து விழும் ஒவ்வொரு அம்மாவிடமும் "என்ன அடுப்பில் சமைத்தீர்கள், எத்தனை வருடம்?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அன்றைய பயணமே வேறு மாதிரி போயிருக்கும்.

ஐப்பசி மழையில் காய்ச்சல். மூன்று நாளில் சளி மஞ்சளானது. இரண்டு இரவு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கழித்திருக்கிறார். விடியற்காலையில் பக்கத்திலிருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் பார்த்தபோது ஆக்ஸிஜன் வைக்காமல், வெறும் அறைக்காற்றில், ரத்தத்தின் ஆக்ஸிஜன் செறிவு 78. அங்கே சாதாரண முகமாஸ்க் போட்டு 2 லிட்டர் வைத்திருக்கிறார்கள். மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் கொடுக்கும் நெபுலைசரும் ஆக்ஸிஜனிலேயே ஓடியிருக்கிறது. 84க்கு மேல் ஏறவில்லை. அங்கிருந்து ஒரு தனியார் ஆம்புலன்ஸில், பை வைத்த மாஸ்க்குடன், ஒரு மணி நேரம் மதுரைக்கு.

கையைப் பிடித்தபோது

எண்ணை விட்டுவிட்டு நான் கையைப் பிடித்தேன். கை சில்லிட்டிருக்கும் என்று எதிர்பார்த்தேன். சூடாக, வியர்வையில் நனைந்து இருந்தது. நாடி 118, துள்ளிக்கொண்டு அடித்தது. கண்ணின் வெள்ளைப் பகுதி சிவந்திருந்தது. மூச்சு நிமிடத்துக்கு 12. ஏட்டில் எழுதும்போது 12 என்பது அழகான எண். ஆனால் இரண்டு இரவு மூச்சுக்குத் தவித்தவர், நெஞ்சில் இழுப்பு இன்னும் கேட்கிறபோது, திடீரென்று 12க்கு இறங்கினால் அது அமைதியின் அடையாளமாக இருக்க முடியாது.

தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தார், "ம்" என்றார், மறுபடி மூடிக்கொண்டார். மகள் உதவியோடு இரண்டு கையையும் நீட்டச் செய்து, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி வைத்துப் பார்த்தேன். சில நொடிகள்தான் நிற்க முடிந்தது. பிறகு கைகள் கொடியில் காயும் துணி காற்றில் அடிப்பதைப் போல முன்னும் பின்னும் தளர்ந்து தளர்ந்து விழுந்தன. கரியமில வாயு தேங்கினால் கை இப்படித்தான் அடிக்கும். பணி மருத்துவரைக் கூப்பிட்டேன். "டாக்டர், இது தூக்கம் கிடையாது."

தமனி ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தின் அமில, கார அளவைக் காட்டும் பி.எச். 7.22. கரியமில வாயு 84. ஆக்ஸிஜன் 168. பைகார்பனேட் 33.

இயல்பில் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் இடையே இருக்க வேண்டும், கரியமில வாயு 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை. அந்த அம்மாவின் ரத்தத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு தேங்கி, மூளையை மயக்கத்தில் ஆழ்த்தியிருந்தது. அமிலத்தை ஈடுகட்டச் சிறுநீரகம் சேர்த்துவைக்கும் காரப்பொருளான பைகார்பனேட், 33 என்று இன்னொரு கதையைச் சொன்னது. ஒரே நாளில் சிறுநீரகத்தால் அவ்வளவு சேர்க்க முடியாது. பல மாதங்களாகவே இவர் கரியமில வாயுவைத் தேக்கிக்கொண்டு, அதைச் சமாளித்தபடி இட்லி அவித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

99 ஏன் இதைச் சொல்லவில்லை?

ஆக்ஸிமீட்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: சிவப்பணுக்களில் எவ்வளவு பங்கு ஆக்ஸிஜன் ஏறியிருக்கிறது என்பது. கரியமில வாயு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஆக்ஸிஜனைப் பற்றியும் கூட, 90 என்று அது காட்டும்போது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் ஏறத்தாழ 60 என்று கணிக்கலாம். 99 காட்டும்போது அது 120 ஆகவும் இருக்கலாம், 400 ஆகவும் இருக்கலாம். உச்சியில் கருவி குருடாகிவிடுகிறது.

2021 ஏப்ரல், மே மாதங்களை நாம் யாரும் மறக்க மாட்டோம். படுக்கைக்கும் சிலிண்டருக்கும் அலைந்த அந்த நாட்களில் ஆக்ஸிமீட்டர் வீட்டுக்கு வீடு வந்தது. எண் குறைந்தால் ஆபத்து என்று ஊரே கற்றுக்கொண்டது, அது பல உயிர்களைக் காத்தது. எண் கூடக் கூட நல்லது என்ற நினைப்பும் அப்போதே கூடவே ஒட்டிக்கொண்டது. அந்தப் பாதிப் பாடம்தான் என்னை அச்சுறுத்துகிறது.

அதிக ஆக்ஸிஜன் இவரை ஏன் இப்படிச் செய்தது? நமக்கு வயல் தெரியும் என்பதால் மடையை வைத்துச் சொல்கிறேன். பயிர் இல்லாத வயலுக்குத் தண்ணீர் விட்டால் வீண் என்று மடையை அடைத்து, விளையும் வயலுக்குத் திருப்பிவிடுவார் விவசாயி. நுரையீரலும் அதையே செய்கிறது. காற்று சரியாகப் போகாத பகுதிகளில் ஆக்ஸிஜன் குறைந்தவுடன் அங்குள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி, காற்று வரும் பகுதிக்கு ரத்தத்தைத் திருப்புகின்றன. 15 லிட்டரை வெள்ளமாகப் பாய்ச்சியதும் அந்தக் கெட்டுப்போன பகுதிகளிலும் ஆக்ஸிஜன் நிறைகிறது, அடைத்த மடைகள் எல்லாம் திறந்துகொள்கின்றன. ரத்தம் அங்கே போகிறது. ஆனால் கரியமில வாயு வெளியேற அங்கே காற்றோட்டம் இல்லை. போன ரத்தம் கழிவோடு அப்படியே திரும்பி வருகிறது.

இரண்டாவது, ஹால்டேன் விளைவு. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினால் கரியமில வாயுவை முன்போலச் சுமக்க முடியாது, அதை ரத்தத்திலேயே இறக்கிவிடுகிறது. நல்ல நுரையீரல் கூடுதலாக மூச்சுவிட்டு அதை வெளியேற்றிவிடும். இவருடையதால் முடியாது. மூன்றாவதாக, ஆக்ஸிஜன் குறைவு தரும் மூச்சுத் தூண்டல் மங்குகிறது. நாங்கள் படித்த காலத்துப் பாடங்கள் இதையே முழுக் காரணமாகச் சொன்னன. இப்போது முதல் இரண்டுக்கும்தான் பெரிய பங்கு என்று அறிகிறோம்.

இது பாடப்புத்தகத்து நுணுக்கம் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ்களில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில் 405 நோயாளிகள் இருந்தார்கள். வழக்கம்போல் அதிக ஆக்ஸிஜன் பெற்றவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். 88 முதல் 92க்குள் நிறுத்தி அளந்து கொடுக்கப்பட்டவர்களில் 4 சதவீதம். புதிய மருந்து எதுவும் கிடையாது. ஃப்ளோமீட்டரின் திருகைத் திருப்பிய கை செய்த வேறுபாடு அது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் ஆக்ஸிஜன் கொடுக்கப் பயந்துவிடக் கூடாது. 78இல் வந்தவருக்கு ஆக்ஸிஜன் கொடுத்தே ஆக வேண்டும், உடனே. ஆக்ஸிஜன் பற்றாக்குறை நிமிடங்களில் கொல்லும். கரியமில வாயு மணிக்கணக்கில் கொல்லும். ஆம்புலன்ஸ் தம்பி முதல் பத்து நிமிடம் செய்தது சரி. 92 ஐத் தொட்டதும் இறக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

கருவிகள் ஒவ்வொன்றும் ஒரு மருந்தளவு

முதல் மருத்துவமனையில் சாதாரண மாஸ்க்கில் 2 லிட்டர் வைத்தார்களே, அதுவும் தவறுதான். இந்த மாஸ்க்குக்குக் குறைந்தது 5 லிட்டர் வேண்டும். அதற்குக் கீழே போனால், விட்ட மூச்சு மாஸ்க்குக்குள்ளேயே தங்கி, அடுத்த மூச்சில் திரும்ப உள்ளே போகிறது. கரியமில வாயுவால் திணறுகிறவருக்கே அதைத் திருப்பி ஊட்டுகிறோம். 5 முதல் 10 லிட்டரில் இது சுமார் 35 முதல் 60 சதவீத ஆக்ஸிஜன் தரும். 2 லிட்டர்தான் வேண்டும் என்றால் மூக்குக் குழாயை எடுக்க வேண்டும்.

மூக்குக் குழாயில் லிட்டருக்கு 4 சதவீதம் கூடும் என்பது கணக்கு: ஒன்றுக்கு 24, இரண்டுக்கு 28, ஆறுக்கு 44. கணக்கு ஏட்டில் சரி. ஆனால் மூச்சு வாங்குகிறவர் ஒரு நிமிடத்துக்கு 30 லிட்டருக்கும் மேலான வேகத்தில் காற்றை உறிஞ்சுவார். நாம் விடும் 2 லிட்டரில் அவர் அறைக்காற்றை எவ்வளவு கலக்கிறார் என்பது மூச்சுக்கு மூச்சு மாறும். ஆகவே மூக்குக் குழாய் அமைதியாக மூச்சுவிடுகிறவருக்கே நம்பகமானது.

பை வைத்த மாஸ்க் 10 முதல் 15 லிட்டரில் ஓட வேண்டும். முகத்தில் போடுவதற்கு முன் வால்வை விரலால் அழுத்திப் பையை நிரப்ப வேண்டும். மூச்சை இழுக்கும்போது பை முழுவதும் ஒட்டிச் சுருங்கக் கூடாது. விபத்தில் ரத்தம் இழந்தவர், நீரில் மூழ்கியவர், மூடிய அறையில் கரிப்புகையில் மாட்டியவர், கடும் நிமோனியாக்காரர் ஆகியோருக்கு இது கைகண்ட கருவி. ஆம்புலன்ஸில் எடுத்த எடுப்பில் கைக்கு வருவதும் இதுதான் என்பதில்தான் சிக்கல்.

வென்சுரி மாஸ்க்கை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த அம்மாவின் உயிர் அதில்தான் தொங்கியது. இதை 1960இல் அறிமுகப்படுத்தியவர் மோரன் கேம்பெல் என்ற மருத்துவர். இதே போன்ற நோயாளிகளுக்கு அளந்த ஆக்ஸிஜன் கொடுக்கத்தான். மாஸ்க்கின் அடியில் ஒரு நிற மூக்கு இருக்கும். அதன் நடுவே ஊசித்துளை, சுற்றிலும் சன்னல்கள். குறுகிய துளையில் ஆக்ஸிஜன் வேகமாகப் பாயும்போது, சன்னல் வழியே அறைக்காற்றைக் குறிப்பிட்ட விகிதத்தில் இழுத்துக்கொள்ளும். 28 சதவீத மூக்கில் 4 லிட்டர் ஆக்ஸிஜன் தன்னோடு 40 லிட்டர் காற்றை இழுத்து வருகிறது. நிமிடத்துக்கு 44 லிட்டர் ஒரே கலவையாக முகத்தில் வந்து விழுவதால், நோயாளி எப்படி மூச்சுவிட்டாலும் அளவு பெரிதாக மாறாது. 4 லிட்டரை 8 ஆக்கினாலும் 28 சதவீதம் 28ஆகவே இருக்கும், மொத்தக் காற்றுதான் கூடும். செறிவை மாற்ற வேண்டுமானால் மூக்கை மாற்ற வேண்டும். பொதுவாக நீலம் 24, வெள்ளை 28, மஞ்சள் 35. ஆனால் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், மூக்கின் மேலே அச்சிட்டிருக்கும் எண்ணையும் லிட்டரையும் படித்துவிட்டே மாட்டுங்கள். நீர் பாட்டிலை இதனோடு இணைக்க வேண்டாம், எதிரழுத்தம் ஏறும்.

நீர் பாட்டில் என்றதும் ஒன்று. மற்ற இணைப்புகளில் பாட்டிலைப் பொருத்தியதும் குழாயை ஒரு நொடி மடக்கிப் பிடியுங்கள். பாட்டிலின் வால்வு விசில் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் மூடி சரியாக இறுகவில்லை, ஆக்ஸிஜன் அறைக்குத்தான் போகிறது. குண்டு 5 காட்டும், நோயாளிக்கு 2 கூடப் போகாது. பலமுறை கண்டிருக்கிறேன்.

சிகிச்சை

மகளுக்கு விஷயம் புரிந்ததும் மாஸ்க்கைக் கழற்றப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். இத்தனை நேரம் வெள்ளமாகப் பெற்ற ஆக்ஸிஜனை ஒரேயடியாக நிறுத்தினால், செறிவு வந்தபோது இருந்ததைவிடக் கீழே விழும். தேங்கிய கரியமில வாயு நுரையீரலின் காற்றறைகளில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இறக்கத்தான் வேண்டும், விழவைக்கக் கூடாது.

28 சதவீத வென்சுரிக்கு மாற்றினோம். எண் 99இல் இருந்து 96, 93 என்று இறங்கியது. மகளின் கண் அந்தத் திரையிலேயே இருந்தது. "குறைகிறதே சிஸ்டர்!" "குறையட்டும் அம்மா. உங்கள் அம்மாவுக்கு 88லிருந்து 92 வரைதான் நமக்கு வேண்டும்." 90இல் நின்றது.

எக்ஸ்ரேயில் நுரையீரல் உப்பியிருந்தது, ஓட்டை விழுந்து காற்று கசிந்திருக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான், இறுக்கமான மாஸ்க் வழியே அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி மூச்சுக்குத் துணை செய்யும் பைபாப் கருவியைத் தொடங்கினார்கள். உள்மூச்சு அழுத்தம் 12, வெளிமூச்சு அழுத்தம் 5, பிறகு படிப்படியாக 18க்கு. பி.எச். 7.35க்குக் கீழே போய், கரியமில வாயு ஏறியிருக்கும்போது உண்மையான மருந்து இதுதான். ஆக்ஸிஜன் ரத்தத்தைச் சிவப்பாக்கும், மூச்சுவிடும் வேலையைச் செய்யாது. ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். நெபுலைசரை ஆக்ஸிஜனில் ஓட்டாமல் காற்று கம்ப்ரஸரில் ஓட்டினோம்.

ஒரு மணி நேரத்தில் பி.எச். 7.28, கரியமில வாயு 72. மதியம் கண்ணைத் திறந்து மகளைத் தேடினார். மறுநாள் காலை 7.38, 58. பழைய சமநிலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டார். அதற்குக் கீழே இறக்க முயலவில்லை.

இரண்டாம் நாள் இரவு ஒன்று நடந்தது. பைபாப்பை எடுத்துவிட்டு வென்சுரியில் இருந்தார். சுற்றிவரும்போது பார்க்கிறேன், 97. திருகை யாரும் தொடவில்லை. மாஸ்க் சரி, மூக்கு அதே வெள்ளை மூக்கு. காதை அருகில் கொண்டுபோனபோதுதான் பிடிபட்டது. வழக்கமான 'ஸ்ஸ்' இரைச்சல் அமுங்கிக் கேட்டது. மின்விசிறிக் காற்று குளிருமே என்று மகள் அம்மாவின் கழுத்துவரை போர்வையை இழுத்து, தாடையோடு அன்பாகச் செருகியிருந்தார். வென்சுரியின் சன்னல்கள் போர்வைக்குள் போய்விட்டன. காற்று கலக்க வழியில்லாமல் ஆக்ஸிஜன் செறிந்து போயிருந்தது. போர்வையை நெஞ்சுக்கு இறக்கினேன், இரைச்சல் திரும்பியது, எண் இருபது நிமிடத்தில் 91. அந்த இரைச்சல் கேட்கிறதா என்று காது கொடுப்பது அன்றிலிருந்து என் வழக்கமாகிவிட்டது. மகளுக்கும் கேட்கக் கற்றுக்கொடுத்தேன்.

சாப்பாட்டு நேரம் இன்னொரு பள்ளம். மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இட்லி ஊட்டினார்கள், 82க்கு விழுந்தது. சாப்பிடும்போது மட்டும் மூக்குக் குழாயில் 1 லிட்டர் வைத்தோம். மூன்றாம் நாளிலிருந்து அதுவே நாள் முழுவதும். ஆறாம் நாள் வீட்டுக்குப் போகும்போது காற்றிலேயே 90.

வீட்டுக்கு

"சென்னையில் இருக்கும் தம்பி ஆக்ஸிஜன் மெஷின் வாங்கி அனுப்புகிறேன் என்கிறான், வாங்கிவிடலாமா?" என்று மகள் கேட்டார். வேண்டாம், பொறுங்கள் என்றார் மருத்துவர். உடல் தேறிய பிறகும் ரத்த ஆக்ஸிஜன் அழுத்தம் 55 அல்லது அதற்குக் கீழே, அதாவது செறிவு 88 அல்லது அதற்குக் கீழே தொடர்ந்து இருப்பவர்களுக்கே வீட்டு ஆக்ஸிஜன் ஆயுளைக் கூட்டும். அதுவும் நாளுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்தால்தான். நோய் முற்றிய வாரத்தில் எடுத்த அளவை வைத்து அதை முடிவு செய்யக் கூடாது. அந்தப் பணத்தில் முதலில் கடை அடுப்பை மாற்றச் சொன்னோம். இன்ஹேலரை ஸ்பேசரோடு (மருந்து தங்கி நிற்கும் குழல்) எடுக்கும் முறையை மூன்று நாள் அவர் கையாலேயே செய்ய வைத்தோம்.

இரண்டு மாதம் கழித்து வந்தபோது காற்றில் 92. ஊதும் பரிசோதனையில் அடைப்பு நோய் உறுதியானது. மெஷின் தேவைப்படவில்லை. கடையை மருமகள் பார்க்கிறார், எரிவாயு அடுப்பில். இட்லிக்கு ஒரு ரூபாய் ஏற்றியிருக்கிறார்களாம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஓர் அட்டை எழுதிக் கொடுத்திருந்தேன்: "நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். கரியமில வாயு தேங்கும். ஆக்ஸிஜன் செறிவு 88 முதல் 92 வரை மட்டும். வென்சுரி 28 சதவீதம், 4 லிட்டர். அது இல்லாவிட்டால் மூக்குக் குழாயில் 1 அல்லது 2 லிட்டர்." கீழே மருத்துவரின் கையெழுத்து. கூடவே ஒரு வெள்ளை மூக்கு வென்சுரியையும் பையில் போட்டுக் கொடுத்தோம். மகள் அட்டையைக் காப்பீட்டு அட்டை இருக்கும் பிளாஸ்டிக் உறையில் செருகிக்கொண்டார்.

தை மாதம் ஒரு பனிக்காலையில் அவர் மறுபடி வந்தார். இளைப்பு இருந்தது, இழுப்பும் இருந்தது. ஸ்ட்ரெச்சரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய், குண்டு 1 லிட்டரில், விரலில் 90. உடன் வந்த தொழில்நுட்பர் என் கையில் பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தார். "மாஸ்க்கை எடுக்கப் போனேன் அக்கா. அந்த அம்மாவே அட்டையை நீட்டி, இதைப் படி என்றார்கள்."